கொல்லர் மகன் கொடுத்த விண்ணப்பம்

"இந்தப் பகுதியை எழுதுவது யார்? என்ன படித்தவர்? எந்த உரிமையில் எதையும் ஏன் என்று கேட்கிறார்?" என்று சிலர் கேட்கின்றனர். கேட்கட்டும்! கேள்வியையே தொழிலாகக் கொண்டுவிட்ட நாம், நம்மைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டால் கோபம் கொள்ளலாமா?

சொல்லிவிடுகிறோம். கல்லூரி வாசலை நாமும் மிதித்ததுண்டு, மேடையேறிப் பேச! பாடம் கேட்க அல்ல. பள்ளியோடு நின்றது நமது படிப்பு. மிச்சமெல்லாம் படிப்பகத்து பெஞ்சிலே பெற்றது. பட்டறைத் தோழர்கள் ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொல்லித் தந்தது. பட்டம் இல்லை நம்மிடம். 'ஏன்', 'எப்படி' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. விசிறி ஏன் சுற்றுகிறது என்று கேட்போம். விலைவாசி ஏன் ஏறுகிறது என்றும் கேட்போம். இரண்டும் ஒரே ஆவல்தான்.

"நற்சாட்சிப் பத்திரம் எங்கே?" என்பாரும் உளர். பத்திரம் இல்லாத ஒருவன், பார் புகழும் விஞ்ஞானியிடம் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக் கொண்டான் என்பதை அவர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

1791இல், லண்டனை ஒட்டிய பகுதியில், ஜேம்ஸ் பாரடே என்ற கொல்லருக்குப் பிறந்தவன் மைக்கேல். தந்தைக்கோ நோய். உலை எரிந்தால்தான் அடுப்பு எரியும் குடும்பம்; உலையடியில் நிற்கவே முடியாத உடல்! பஞ்ச காலத்தில் ஒருமுறை சிறுவனின் பங்குக்குக் கிடைத்தது ஒரு ரொட்டி. ஒரு வேளைக்கு அல்ல, தோழர்களே, ஒரு வாரத்துக்கு!

பதின்மூன்று வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையன். மறு ஆண்டு, 1805இல், அங்கேயே பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தான். ஏழாண்டு ஒப்பந்தம். தாளைத் தைக்க வேண்டும், அட்டை போட வேண்டும், அதோடு சரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பைண்டருக்கு எதற்கு? அவனுக்கு வேண்டியிருந்தது! பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் கைக்கு வந்தது. அதிலே மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைக் கண்டான், படித்தான். ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய ரசாயன நூல் கிடைத்தது, அதையும் படித்தான். படித்தான், பணிந்தான், நம்பினான் என்றா எண்ணுகிறீர்கள்? இல்லை! சில காசு செலவழித்து, பழைய கண்ணாடிப் புட்டி கொண்டு, மின்சாரம் உண்டாக்கும் சிறு பொறி ஒன்று செய்தான். ஏட்டில் இருப்பது எதிரே நடக்கிறதா என்று பார்த்தான். நம்மை மயக்கிய இடம் இதுதான். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாம் எழுதுவதையும் சேர்த்தே சொல்கிறோம்!

டாட்டம் என்பவர் மாலையில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங். தம்பிக்காகக் கட்டியவர் அண்ணன் ராபர்ட்; அவரும் கொல்லர். பாரடே பெயரை அறிந்தவர் கோடிக்கணக்கில் இருக்க, அந்த ராபர்ட்டின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றும் உரைகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார். சீமான்களும் சீமாட்டிகளும் கூடும் மண்டபம்! பைண்டர் பையன் மாடி வரிசையில் அமர்ந்து நான்கு உரைகளைக் கேட்டான். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதினான், படம் வரைந்தான்.

விஞ்ஞானத்தில் ஏதேனும் வேலை, எந்த வேலையானாலும் சரி என்று ராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் எழுதினான். பதிலே இல்லை. பெரிய இடத்து மௌனம் எப்படியிருக்கும் என்பதை, மனு கொடுத்துப் பழகிய தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டுமா?

டிசம்பரில் டேவிக்கே எழுதினான். உடன் வைத்தது என்ன? பரம்பரைப் பெருமையா, பாதிரியாரின் பரிந்துரையா? அந்த உரைக் குறிப்புகள்! 300 பக்கத்துக்குக் குறையாத ஏடு. காது கேட்டது, கருத்து வாங்கியது, கை எழுதியது. அதே கை தைத்து அட்டையும் போட்டது. 'நான் யார்' என்று அவன் தனியாக எழுதத் தேவையிருக்கவில்லை.

டேவி அழைத்துப் பேசினார். பைண்டிங் தொழிலை விட்டுவிடாதே என்று புத்தியும் சொன்னார். பிறகு ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர் சண்டையில் சிக்கி வேலை இழக்க, 1813 மார்ச்சில் அந்த இடம் பாரடேவுக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் அறை.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா? டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது அவரை வேலைக்காரராகவே நடத்தினார் சீமாட்டி. 1824இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது எதிர்த்தவர் யார் தெரியுமா? அப்போது தலைவராயிருந்த அதே டேவி! அவரும் மரச் சிற்ப வேலை செய்தவரின் மகன்தான். எளிய வீட்டிலிருந்து ஏறி வந்தவர்தான். கதவைத் திறந்த கையே பின்னர் தாழ்போட முனைந்தது. ஆயினும் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு.

1831இல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் மின்சாரம் ஓடுகிறது என்று காட்டினார். காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை, அசைந்தால்தான் ஓட்டம்! சைக்கிள் சக்கரத்தோடு உரசி ஓடிய டைனமோவை ஓட்டியவர்கள் அறிவீர்கள். மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. மேட்டூர் அணையில் சுழலும் பெரும் பொறிக்கும் அதே தத்துவம்தான். கணிதத்தில் அவருக்குப் பயிற்சி இல்லை என்பதையும் கூறிவிட வேண்டும். அவர் கண்டதைக் கணக்காக்கித் தந்தவர் பின்னர் வந்த மாக்ஸ்வெல்.

1860இல், அறுபத்தொன்பது வயதில், சிறுவர் சிறுமியர் முன் நின்று சொற்பொழிவு வரிசை ஒன்றைத் தொடங்கினார். ஆறு உரைகள். பொருள், ஒரு மெழுகுவர்த்தி! எரிவது திரியா, மெழுகா?

அடுத்த கிழமை நாம் எழுதப்போவது அதைத்தான். அதற்குள் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி, நன்றாக எரிந்ததும் மெல்ல ஊதி அணையுங்கள். மேலே எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியை உடனே காட்டுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். ஏன்? தோன்றுவதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். என்ன படித்தவர் என்பதைக் குறிப்பிட வேண்டாம்.