தோலில் ஒட்டும் வலி மருந்து: வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

முற்றிய புற்றுநோயில் வலி எலும்புவரை பிடுங்கும். வாய்ப்புண்ணாலோ வாந்தியாலோ மாத்திரை விழுங்க முடியாதவர்கள் அந்த வலியோடு தவிக்கிறார்கள். அவர்களுக்கு ஃபென்டனில் பேட்ச் ஒரு பெரும் ஆறுதல். தோலில் ஒருமுறை ஒட்டினால் 72 மணி நேரம் மருந்து சீராக உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் பார்வைக்கு அது முதுகுவலிக்குக் கடையில் வாங்கி ஒட்டும் பிளாஸ்டரைப் போலவே இருக்கிறது. அந்தத் தோற்றத்தை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சன் 1960-ல் உருவாக்கிய ஃபென்டனில், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது. அதனால்தான் பேட்சின் அளவை மணிக்கு 12, 25, 50 மைக்ரோகிராம் என்று குறிக்கிறார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும்

பேட்சிலிருந்து கசியும் மருந்து முதலில் தோலுக்கடியில் சேர்கிறது. பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. முதல் பேட்சின் பலன் முழுதாகத் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். 'இன்னும் வலிக்கிறதே' என்று அதற்குள் இன்னொன்றை ஒட்டுவது உயிருக்கே ஆபத்து. இடைப்பட்ட நேரத்து வலிக்கு வேறு மருந்தை மருத்துவரே எழுதித் தருவார். பேட்சை எடுத்த பிறகும், ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 17 மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கு உடல் ஏற்கெனவே பழகியவர்களுக்கு மட்டுமே இது. பல்வலிக்கோ, அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கோ இது கூடாது. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பேட்சை மூட்டுவலிக்காரரான அத்தைக்கு ஒட்டிவிடுவது அன்பினால் செய்தாலும் மூச்சை நிறுத்திவிடக் கூடும்.

ஒத்தடம் வேண்டாம்

வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டுப் பழக்கம். பேட்ச் ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். ஹாட் வாட்டர் பேக், சூடான நீரில் குளியல், உச்சி வெயில் எல்லாமே ஆபத்துதான். 40 டிகிரி செல்சியஸ் காய்ச்சலில் ரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடலாம். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது. சில பூஞ்சைக்கொல்லி மருந்துகளும் கிளாரித்ரோமைசினும்கூட ஃபென்டனிலின் அளவை ஏற்றிவிடும்.

பழைய பேட்சும் விஷம்தான்

மூன்று நாள் கழித்து உரித்தெடுத்த பேட்சிலும் மருந்து கணிசமாக மிஞ்சியிருக்கும். குழந்தைகள் தற்செயலாக இந்த பேட்சுக்கு ஆளான 26 நிகழ்வுகளை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-ல் ஆராய்ந்தது. 10 குழந்தைகள் இறந்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் வயது அது. எனவே, எடுத்த உடனே பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பூட்டிவைத்து, மருந்து தந்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

இவற்றை மறக்காதீர்கள்

• ஒட்டிய தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறியுங்கள். புதியதை ஒட்டுமுன் பழையதை எடுங்கள், இடத்தையும் மாற்றுங்கள்.

• தோலை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்ததும் ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். பேட்சை வெட்டாதீர்கள்.

• எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி தெரிந்தால் பேட்சை எடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மாற்று மருந்தான நலாக்சோனை மருத்துவமனையில் கொடுப்பார்கள்.

இவ்வளவும் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. 'அடிமையாகிவிடுவோம்' என்ற அச்சத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டே இறந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். இந்த மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2014-ல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்டால் மட்டும் போதாது. பேட்ச் எழுதித் தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டு, பராமரிப்பவரை உட்காரவைத்து விளக்க வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.