ஒரே பக்கம் நின்று ஆடிய டென்னிஸ்

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுச் சாலைக் கம்போளத்துக்குள் நுழைவது நம்மில் பலருக்கும் பழக்கமான வழி. 1995-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அந்த வழியில்தான் அம்மா எங்களுக்கு ஒரு 'டிவி கேம்' வாங்கித் தந்தாள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் கருவியின் நகல் அது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அதன் கேசட்டில் இருந்த பல ஆட்டங்களுள் ஒன்று டென்னிஸ். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

திரையில் ஆடும் விளையாட்டுகளில் டென்னிஸும் மூத்த குடிகளுள் ஒன்று எனலாம். 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலர், பார்வையாளர்களை மகிழ்விக்க ஆசிலாஸ்கோப் திரையில் ஒன்றைச் செய்துகாட்டினார். அதில் மைதானம் பக்கவாட்டில் தெரியும்: ஒரு கோடு தரை, நடுவில் நிற்கும் சிறு கோடு வலை. 1972-இல் ரால்ஃப் பேர் உருவாக்கிய மேக்னவாக்ஸ் ஒடிசி வீட்டுக்கே வந்தது. அதில் மேலிருந்து பார்ப்பதுபோல் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும்தான். மைதானம் வேண்டுமானால் டிவி கண்ணாடிமேல் பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டும். ஸ்கோரைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்! அதே ஆண்டு வந்த அட்டாரியின் 'பாங்' ஸ்கோரைத் தானே காட்டியது.

1984-இல் வந்த நிண்டெண்டோ டென்னிஸில் நாம் ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம். இங்கேதான் சிக்கல். தட்டையான திரையில் பந்து மேலே நகர்ந்தால், அது உயரே எழும்புகிறதா, தூரமாகப் போகிறதா? கண்டுபிடிக்கும் வழி பந்தின் நிழல். நிழல் தரையிலேயே போகும். பந்துக்கும் அதற்கும் இடைவெளி கூடினால் பந்து உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பந்தைப் பார்ப்பவன் தோற்பான், நிழலைப் பார்ப்பவன் அடிப்பான். இத்தனையும் 24 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று நாம் போனில் அனுப்பும் ஒரு போட்டோவில் இதுபோல் எத்தனையோ ஆட்டங்களை அடைத்துவிடலாம். உயரமான நாற்காலியில் நடுவராக இருப்பவர், பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த மாரியோதான்.

இன்னொரு விசேஷம். இருவர் ஆடினால் இருவரும் ஒரே பக்கம்; எதிரே கம்ப்யூட்டர். எதிர்ப்பக்கத்து ஆளுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பதால் இப்படி வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்த வருஷம் அண்ணன் ப்ரீ-டிகிரியில் தோற்றிருந்தான். இரண்டு மாதமாக அப்பா அவனிடம் பேசவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்பதுகூட என் மூலமாகத்தான். அப்பாவுக்கு நாகர்கோவில். 1937-இல் அங்கே பிறந்து, 1960-இலும் 61-இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போன ராமநாதன் கிருஷ்ணன் என்றால் உயிர். ஒருநாள் ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்தவர், அண்ணன் தனியாக ஆடுவதைக் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

முதல் பந்தையே விட்டார். இரண்டாவதும் போச்சு.

"பந்தப் பாக்காதீங்கப்பா, நெழலப் பாருங்க," என்றான் அண்ணன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள்.

"செரி, நீ பின்னால நில்லுல. வலைகிட்ட நான் பாத்துக்கிடுதேன்," என்றார் அப்பா.

ஆட்டத்தில் ஐந்து நிலைகள் உண்டு. அந்த விடுமுறை முழுக்க முயன்றும் இருவரும் மூன்றாவதைத் தாண்டவில்லை. தப்பு யார்மேல் என்று தினமும் சண்டைதான்.