பரியும் பயிற்சியும்



கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது எங்கள் செம்மங்குப்பம். இப்பக்கத்துச் சிற்றூர்களில் ஐயனார் கோயிலின் முன் நிற்கும் மண்குதிரைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். உயிருள்ள குதிரையை நெருங்கிக் கண்டவர் உங்களுள் சிலரே இருப்பர். ஆயினும் இக்கடற்கரை குதிரையை நன்கறிந்த கரையாகும். 1781-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் பரங்கிப்பேட்டைக்கு அருகே ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் பொருதனர். ஐதரின் பெரும் வலிமை அவருடைய குதிரைப்படையே. அத்தகைய விலங்கினிடத்தில் ஒருவன் ஒரு வார காலம் எவ்வாறு பழக வேண்டும், ஏன் அவ்வாறு பழக வேண்டும் என்பதை இன்று காண்போம்.

முதலில், அவ்வாறு பழகாமையால் நேர்ந்த இழப்பைக் கூறுகிறேன். தமிழகத்துக்குப் பண்டைக் காலந்தொட்டே குதிரைகள் கடல்வழியாக வந்தன. கப்பலில் வந்த புரவிகளைப் பட்டினப்பாலை சுட்டுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார். குதிரையைப் பேணும் முறை தெரியாமையே அதற்குக் காரணமாம். குதிரை விற்ற வணிகரோ, தம் வாணிகம் குறையாதிருக்கும் பொருட்டு, குதிரை மருத்துவர் எவரும் இங்கு வாராதபடி பார்த்துக்கொண்டனராம்.

வசாபு என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் மேலும் ஒரு செய்தி தருகிறார். வந்திறங்கிய குதிரைகளுக்கு நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் ஊட்டி, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைப்பராம். பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி, அங்கவடியும் இன்றி, ஏறி விரட்டுவராம். அயலார் தந்த எண்களில் மிகை இருத்தல் கூடும். ஆனால் அவர்கள் காட்டும் காரணம் குதிரையின் உடலியல்புக்கு முற்றும் பொருந்துகிறது.

அவ்வியல்பு யாது? குதிரை, பகை கண்டால் ஓடிப் பிழைக்கும் விலங்கு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலால், ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது காணும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் காணாது. அதன் பெரிய உடலை நோக்க இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியாக வெளியேற்றவும் அதனால் இயலாது. ஆதலின் சிறுகச் சிறுகப் பலமுறை உணவிடுதல் வேண்டும். தீனி தின்றவுடன் ஓட்டுதல் கூடாது.

இனி வாரத் திட்டத்திற்கு வருவோம். குதிரை முன்பே பழக்கப்பட்டது. அதனிடம் வரும் மாணவனே புதியவன். ஆசான் உடன் இருக்கிறார் என்று கொள்வோம்.

முதல் நாள் ஏறுதல் இல்லை. காணாத பக்கத்தினின்று அணுகாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோளின் பக்கமாகச் செல்லுக. உடலைத் தேய்த்துத் தூய்மை செய்க. குளம்புகளைத் தூக்கி, சிக்கிய கல்லையும் மண்ணையும் நீக்குக. மனிதனின் கை தீங்கு செய்யாது என்பதே அன்றைய பாடம்.

இரண்டாம் நாள் நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்துக. இடமாகச் சுற்றிய அளவே வலமாகவும் சுற்றச் செய்க. இல்லையேல் ஒரு பக்கத்துத் தசை மட்டும் தேர்ச்சி பெறும். மூன்றாம் நாள் சேணம் பூட்டி, இடப்புறமாக ஏறி, நடையில் மட்டும் செலுத்துக. கால்களால் இறுகப் பற்றாமல் நிமிர்ந்து சமனாக அமரக் கற்பதே அன்று போதும்.

நான்காம் நாள் கட்டளைகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காலை மெல்ல அழுத்தினால் குதிரை முன்னே செல்கிறது. சென்ற கணமே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். கடிவாள வாரை இழுத்தால் நிற்கிறது. நின்றதும் தளர்த்த வேண்டும். சரியானதைச் செய்தேன் என்பதைக் குதிரை அந்தத் தளர்ச்சியால்தான் அறிகிறது. ஓயாது இழுப்பவனுடைய குதிரையின் வாய் மரத்துப்போகும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று பழமொழி பேசுவோர், அதன் வாயை மரக்கச் செய்த கை யாருடையது என்றும் கேட்டல் நலம்.

ஐந்தாம் நாள் திருப்புதல், நிறுத்துதல், நடையினும் சற்று விரைந்த சிற்றோட்டம் ஆகியவற்றைப் பயில்க. ஆறாம் நாள் வெளியே செல்க. நம் நாட்டு வெயிலுக்கு விடியற்காலமே ஏற்றது. தேங்கிய நீரையும் வண்டி ஒலியையும் கண்டு கேட்டு அஞ்சாதிருக்கப் பழக்குக. திரும்பும்போது கடைசித் தொலைவை மெல்ல நடத்தி, மூச்சும் வியர்வையும் அடங்கியபின் லாயத்திற் கட்டுக.

ஏழாம் நாள் ஓய்வு. இதில்தான் பலரும் தவறுவர். மேனாடுகளில் வண்டி இழுத்த குதிரைகள் ஞாயிறு முழுதும் அசையாது நின்று முழுத் தீனியும் தின்னும். திங்கட்கிழமை வேலைக்குப் பூட்டியதும் பின்புறத் தசைகள் இறுகி, சிறுநீர் கருத்து, சில வேளை விழுந்து மடியும். ‘திங்கட்கிழமை நோய்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆகவே ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்துப் புல்லை மிகுத்தல் வேண்டும். கையிற் பிடித்துச் சிறிது உலாவச் செய்தலும் வேண்டும். ஒரு நாள் ஓய்வே இவ்வாறு தீங்கு தருமாயின், நாற்பது நாள் கட்டிக் கொழுக்க வைத்து ஒரே நாளில் விரட்டிய குதிரைகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் குதிரையேற்றம் நிறைவெய்தாது. ஒழுங்கு மட்டுமே தொடங்கும். தேசிய மாணவர் படையில் குதிரையேற்றப் பிரிவு உண்டு. வாய்ப்புள்ளோர் சேர்ந்து பயிலலாம். 2023-ஆம் ஆண்டு ஹாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையைப் பழக்கிய நயத்தையே அளந்து மதிப்பிடும் பிரிவில், இந்தியக் குழு தங்கம் வென்றது.

பாண்டிய மன்னரிடம் பொன்னுக்குக் குறைவில்லை. வாங்கிய பரிகளும் உயர்ந்தவையே. நாள்தோறும் அளவறிந்து ஊட்டி, அளவறிந்து உழைப்பித்து, அளவறிந்து ஓய்வு தரும் அறிவு மட்டும் வந்து சேரவில்லை. மாணவர்களே, நூல்களையும் கருவிகளையும் உங்கள் பெற்றோர் பொருள் கொடுத்து வாங்கித் தரலாம். நாட்பயிற்சியை நீங்களே செய்துகொள்ளல் வேண்டும்.