கல்லீரலுக்கு டயாலிசிஸ் உண்டா?

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் டயாலிசிஸ் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் கெட்டவர்கள் வாரம் மூன்று முறை போய்ப் படுத்து வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். கல்லீரல் கெட்டால்?

வில்சன் நோய் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கேள்வி ஒரே வாரத்தில் வந்து நிற்கலாம். சாப்பாட்டில் மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளுகிறது. அதற்கான ஏடிபி7பி மரபணு தாய், தந்தை இருவர் வழியிலும் பழுதாக வந்தால், செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். லண்டனில் கின்னியர் வில்சன் 1912இல் விவரித்த நோய் இது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு.

சிலருக்கு, பெரும்பாலும் பதின்ம வயதில், கல்லீரல் சட்டென்று படுத்துவிடும். தேங்கிய செம்பு இரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகமும் தடுமாறும். வெளியே தெரிவது மஞ்சள் காமாலைதான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது நம் வீட்டு வழக்கம். இந்த நோயில் அப்படிக் காத்திருக்க நேரம் கிடையாது.

சாதாரண டயாலிசிஸ் இங்கே பெரிதாக உதவாது. செம்பும் பிலிருபினும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டே இரத்தத்தில் திரிகின்றன; சல்லடைத் துளைக்குள் ஆல்புமின் நுழையாது. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் 1990களில் இதற்கொரு வழி கண்டார்கள். சல்லடைக்கு மறுபக்கம் ஆல்புமின் கலந்த திரவத்தையே ஓடவிட்டார்கள். நச்சுகள் அந்தப் பக்கத்து ஆல்புமினுக்குத் தாவிவிடும். திரவம் கரியிலும் பிசினிலும் வடிந்து சுத்தமாகி மறுபடி சுற்றி வரும். இதுதான் 'மார்ஸ்'. வில்சன் நோயாளி ஒருவரின் செம்பை, ஆல்புமின் கலந்த திரவத்தை ஓடவிடும் இதே உத்தியால் இறக்கி, மாற்றுக் கல்லீரல் கிடைக்கும்வரை காப்பாற்றியதை ஜெர்மானிய மருத்துவர்கள் 1999இல் பதிவு செய்தார்கள்.

ஆனால் இரத்தம் உறைவதற்கான புரதங்களை இந்த இயந்திரம் தயாரிக்காது. திடீர்க் கல்லீரல் செயலிழப்பு ஏற்பட்ட 102 பேரிடம் பிரான்சில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது; மார்ஸால் கூடுதலாக உயிர் பிழைத்தார்கள் என்று அதனால் நிறுவ முடியவில்லை. நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டுத் தானமாகப் பெற்றதை ஏற்றும் பிளாஸ்மா மாற்று முறை, செம்பையும் நீக்கும், உறைபொருளையும் தரும். வேலூர் சிஎம்சி மருத்துவமனை இதை எலி மருந்தால் கல்லீரல் கெட்டவர்களுக்குச் செய்துவருகிறது.

எதுவானாலும் கிடைப்பது அவகாசம்தான். மயக்க நிலைக்குப் போய்விட்டால் மாற்றுக் கல்லீரல்தான் வழி. செலாயாங் மருத்துவமனையில் அந்த அறுவை 2002 முதல் நடக்கிறது. பெற்றோரிடம் ஒரு பழுதான மரபணு இருந்தாலும் அவர்களுடைய கல்லீரல் செம்பை ஒழுங்காகவே கையாளும். ஆகவே அவர்களும் தானம் செய்யலாம்.

மருத்துவர்கள் அடுத்து அழைப்பது உடன்பிறந்தவர்களை. ஒவ்வொருவருக்கும் இந்த நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இரத்தம், 24 மணிநேரச் சிறுநீர், கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் பெனிசிலமின் அல்லது துத்தநாக மாத்திரை போதும். கெராங் சிப்பியும் ஈரலும் வேண்டாம் என்பார்கள். மாத்திரை மட்டும் ஆயுள் முழுக்க. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நடுவில் நிறுத்தியவர்களும் கல்லீரல் செயலிழந்து அவசரப் பிரிவுக்கு வருவதுண்டு.