மோகமுள்ளை முதல்ல கொடுக்காதீங்க

"தமிழ்ல ஒரு நல்ல நாவல் சொல்லு"ன்னு யார் கேட்டாலும், ரொம்ப நாள் யோசிக்காம நான் சொன்ன பதில் 'மோகமுள்'. தி. ஜானகிராமன் எழுதினது. கும்பகோணம், பாபு, யமுனா, சங்கீதம்... எனக்கு உயிரான புத்தகம்.

அதையே ஒரு ஃப்ரெண்டுக்கும் கொடுத்தேன். ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் அவ தமிழ்ல எதுவுமே படிச்சதில்ல. நாவலோ 600 பக்கத்துக்கு மேல. அறுபதாவது பக்கத்துல நின்னுட்டா. அதுகூடப் பரவாயில்ல, "எனக்குத் தமிழே வராது போல"ன்னு முடிவு பண்ணிட்டா. அதுதான் என்னை உறுத்துச்சு. தப்பு அவ தமிழ்ல இல்ல, நான் கொடுத்த வரிசையில.

"கடைசியா எதை முழுசா படிச்சே?"ன்னு நான் கேட்டிருக்கணும். அவ படிக்கிறதெல்லாம் ட்ராவல் ப்ளாக்.

அடுத்து கொடுத்தது 'நடந்தாய் வாழி காவேரி'. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதி, 1971ல வந்த பயண நூல். குடகு மலையில தலைக்காவிரியில இருந்து கடல்ல சேர்ற பூம்புகார் வரைக்கும் ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே போறாங்க. இதுல ஒரு வசதி: எங்க வேணும்னாலும் திறக்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருக்கீங்களா, அங்கிருந்து ஆரம்பிங்க. யார் யாருக்கு என்ன உறவுன்னு ஞாபகம் வச்சுக்க வேண்டாம். நாலு நாள் கழிச்சு எடுத்தாலும் ஆறு அங்கேயேதான் ஓடிட்டிருக்கும். புராணக் கதை நீளுற இடங்கள் உண்டு. நானே தாண்டியிருக்கேன், நீங்களும் தாண்டலாம். (ஆறு வேண்டாம், வெளிநாடுதான் வேணும்னா, ஜப்பான் போயிட்டு வந்து அவர் எழுதின 'உதய சூரியன்' இருக்கு.)

முக்கியமா, அவரோட வாக்கியம் காதுக்குப் பழகிடும். தஞ்சாவூர்ப் பேச்சும் அந்தக் குறும்பும் நாவல்ல வரும்போது புதுசா மிரட்டாது.

அவ காவேரியை முடிச்சதும் நான் சொன்னது 'அம்மா வந்தாள்'. 1966ல வந்தது, மோகமுள்ளைவிட ரொம்பச் சின்னது. காவிரிக் கரையில வேதம் படிக்கிற அப்பு, வீட்டுக்குத் திரும்பி அம்மாவைப் பத்தின ஒரு உண்மையைப் பார்க்கிறான். அந்தக் காலத்துல பெரிய சண்டையைக் கிளப்பின நாவல். ஒரே வாரத்துல படிச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, அந்த அம்மா பக்கம் நின்னு என்கிட்ட வாதாடினா.

மோகமுள் இன்னும் அவ ஷெல்ஃப்லதான் இருக்கு. நான் ஞாபகப்படுத்தல.