தலைவியின் இருக்கை

எப்ராயிம் மலைநாட்டில், இராமாவுக்கும் பெத்தேலுக்கும் இடையே ஒரு பேரீச்சை மரம் இருந்தது. அதன் அடியில் அமர்ந்து தெபோரா என்ற இறைவாக்கினர் இஸ்ரயேல் மக்களுக்குத் தீர்ப்பு வழங்கியதை நீதித்தலைவர்கள் நூலின் நான்காம் பிரிவில் வாசிக்கிறோம். அவர் மணமானவர். ஆனாலும் வழக்கோடு வந்தவர்கள் அவருடைய கணவரைத் தேடிப் போகவில்லை, தெபோராவிடமே வந்தார்கள்.

நம் ஊர்களில் நிலைமை என்ன? 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தலைவர் பதவிகளுக்கும் இது பொருந்தும். தமிழகம் 2016இல் இதை 50 விழுக்காடாக உயர்த்தியது. சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. அதில் அமர நாம் விடுகிறோமா?

பெயர்ப்பலகையில் மனைவியின் பெயர். அலுவலகத்தில் கணவரின் குரல். தலைவரைப் பார்க்கப் போகிறவர்களும் மனுவை அவர் கணவரிடமே நீட்டுகிறோம். பட்டியலினப் பெண் என்றால் தடை இரட்டிப்பாகிறது. 2020இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், தலைவராக இருந்த பட்டியலினப் பெண் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது.

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறோம். முதன்முறை பதவிக்கு வரும் ஆணுக்கும் ரொக்கப் பதிவேடும் மதிப்பீடும் தெரியாதுதான். ஆனால் அவரைப் பற்றி, "போகப் போகக் கற்றுக்கொள்வார்" என்கிறோம். ஆணுக்குக் கொடுக்கும் அந்தக் காலத்தைப் பெண்ணுக்கு மறுப்பதே பெரிய தடை.

இத்தடையை நீக்க நம்மால் முடிந்தவை சில உண்டு. மனுவைத் தலைவியின் கையிலேயே கொடுப்போம். "கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்னாமல், தீர்மானத்தை அவருக்கு வாசித்து விளக்குவோம். அவர் பேசும்போது குறுக்கே பேசாதிருப்போம். கணவரும் பிள்ளைகளும் சமையலையும் முதியோரைக் கவனிப்பதையும் பகிர்ந்துகொண்டால், அவர் கூட்டத்துக்கு நேரத்தோடு போக முடியும்.

நம் பங்கையும் எண்ணிப் பார்ப்போம். ஆலயத்தைக் கூட்டவும் பூ வைக்கவும் பெண்கள், கணக்கு வழக்குக்கு ஆண்கள் என்று பிரித்து வைத்திருக்கிறோமா? அன்பியப் பொறுப்பாளரான சகோதரி பங்குப்பேரவையில் பேசும்போது செவிமடுக்கிறோமா?

தெபோராவுக்குத் துணைநின்ற பாராக்கைப் பாருங்கள். பத்தாயிரம் பேர் கொண்ட படையை நடத்தியவர் அவர். புறப்பட வேண்டிய நாளைச் சொன்னவர் தெபோரா. இந்தப் பயணத்தின் பெருமை பாராக்குக்குக் கிடைக்காது, ஒரு பெண்ணுக்கே போகும் என்று தெபோரா முன்பே சொல்லிவிட்டார். அதைக் கேட்டும் பாராக்கு பின்வாங்கவில்லை. தெபோராவின் இருக்கைக்கு ஆசைப்படவும் இல்லை. தன் பணியைச் செய்தார். துணைநிற்பது என்பது இதுதான்.

ஆகஸ்டு 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. அதே நாளில் நம் ஊர்களில் கிராம சபையும் கூடுகிறது. திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடாமல் அங்கே போய் அமர்வோம். ஊராட்சியை நடத்தும் சகோதரியிடம் நம் தெருவின் தேவையை நேரடியாகச் சொல்லி, அவர் தரும் பதிலைப் பொறுமையோடு கேட்போம். தாழ்ந்தோரை உயர்த்தும் இறைவன் அதற்கான மனத்தை நமக்குத் தருவாராக.