கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்



மாலையில் கூட்டம் நெரியும்போது, பொட்டலம் மடித்துக்கொண்டே ஏழெட்டுச் சாமான்களுக்கு வாயால் கணக்குச் சொல்லி, மீதிச் சில்லறையும் சரியாக எண்ணிக் கொடுக்கும் பையன்களை நம் கடைத்தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே பையனின் மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்த்தால் கணக்கில் சிவப்பு மை இருக்கும். "இவனுக்குக் கணக்கே வராது என்று வாத்தியார் சொல்லிவிட்டார் அண்ணாச்சி" என்பார் தகப்பனார். கடையில் வருகிற கணக்கு பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் வராமற் போகிறது?

இந்தக் கேள்வியைப் பெரிய பொருளாதார அறிஞர்களே எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. செய்தவர்களில் முக்கியமானவர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும். வறுமை ஒழிப்புப் பற்றிய ஆய்வுகளுக்காக 2019இல் மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராயும் எலிசபெத் ஸ்பெல்கி என்ற உளவியல் அறிஞரும் உடன் இருந்தார். ஆராய்ச்சி நடந்த இடம் கல்கத்தா, டெல்லி நகரங்களின் சந்தைகள். நம் தொழில் நடக்கும் இடத்திலேயே நடந்த ஆராய்ச்சி என்பதால், இதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

சந்தையில் வைத்த தேர்வு

ஆராய்ச்சிக் குழுவினர் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலச் சந்தைக்குப் போனார்கள். காய்கறி விற்கும் சிறுவர் சிறுமியரிடம், வழக்கமாக யாரும் கேட்காத எடையில் சரக்குக் கேட்டார்கள். உதாரணமாக, கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1 கிலோ 400 கிராம் வெங்காயம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு 200 ரூபாய் நோட்டை நீட்டினார்கள்.

நாம் எப்படிப் போடுவோம்? கிழங்கு கிலோ 20, அதில் 200 கிராமுக்கு 4 ரூபாய் கழித்தால் 16. வெங்காயம் கிலோவுக்கு 15, மேலே உள்ள 400 கிராமுக்கு 6, ஆக 21. இரண்டும் சேர்த்து 37. மீதி 163. தாளும் பென்சிலும் தேவையில்லை. அந்தப் பிள்ளைகளும் தாளைத் தேடவில்லை. இப்படிப்பட்ட கணக்குகளில் இரண்டாம் முயற்சிக்குள் சரியான விடை சொன்னவர்கள் 95 முதல் 98 விழுக்காடு.

தாளில் வைத்த தேர்வு

பிறகு பெற்றோரின் அனுமதியுடன் அதே பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, பள்ளிகளில் கொடுக்கும் மாதிரியான வெறும் எண் கணக்குகளைக் கொடுத்தார்கள். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் 32 விழுக்காடுதான். இரண்டு இலக்க எண்ணிலிருந்து இரண்டு இலக்க எண்ணைக் கழிக்கும் கணக்கு இரண்டையும் சரியாகப் போட்டவர்கள் 54 விழுக்காடு. சற்று முன்பு 200 ரூபாயில் 37 போக 163 என்று சொன்ன பிள்ளைகள்தாம் இவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இரு நகரங்களிலுமாக, சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் இவ்வாறு ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்குத் தோன்றும் சந்தேகங்கள் அவர்களுக்கும் தோன்றின. விலையை மனப்பாடம் செய்திருப்பார்களோ? பக்கத்துக் கடைக்காரர் உதவியிருப்பாரோ? தாளைக் கண்டதும் பயந்துவிட்டார்களோ? தவறினால் கைக்காசு போகும் என்பதால்தான் சந்தையில் கவனமாக இருக்கிறார்களோ? ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்து, இவை எதுவும் காரணமில்லை என்று முடிவு கூறியுள்ளனர். வியாபாரம் போலக் கற்பனையாகக் கேட்டாலும், ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ வைத்து வாயால் கேட்டாலும் பிள்ளைகள் நன்றாகவே பதில் சொன்னார்கள். பொருளை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிக் காட்டியபோதுதான் தடுமாறினார்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் நிலை

இதைப் படித்துவிட்டு, பள்ளிக்கு ஒழுங்காகப் போகும் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தை அனுபவம் இல்லாத, அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். எளிய வெறும் எண் கணக்குகளில் இவர்கள் சந்தைப் பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள். ஆனால் சந்தைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது, வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவர்கள் விடை சொன்ன அந்தக் கணக்கிற்கு, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரே சரியான விடை சொன்னார்.

பெருக்கல் தெரியும், கூட்டல் தெரியும், கழித்தல் தெரியும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் போடத் தெரியவில்லை. எழுதிப் போடும் முறையும் சுற்றுவழியாக, மிக மெதுவாக இருந்தது. அந்த வேகம் வாழ்க்கைக்கும் உதவாது, மேல் வகுப்புக் கணக்கிற்கும் உதவாது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியுள்ளனர். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கணக்கில் 90 மதிப்பெண் வாங்கிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்தால் கால்குலேட்டரைத் தேடுவதன் காரணம் இதுதான்.

பிரேசில் நாட்டு இளநீர்ப் பையன்

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நிலை அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் இதுபோன்ற சிறிய ஆராய்ச்சி ஒன்று நடந்து, 1985இல் வெளியானது. தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைத்தான் சோதித்தார்கள். வியாபாரத்தின் போது கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களை வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடுதான்.

அதில் 12 வயதுப் பையன் ஒருவன் தேங்காய் விற்றான். ஒரு காய் அந்நாட்டுப் பணத்தில் 35. நான்கு காய் எவ்வளவு என்றதற்கு, மூன்று காய் 105 என்று தொடங்கி, முப்பதைக் கூட்டி 135, பிறகு விட்டுப்போன ஐந்தையும் சேர்த்து 140 என்று சரியாகச் சொன்னான். பின்னர் தாளில் 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோது, நாலஞ்சு இருபது, மீதி 2. அந்த 2ஐ மேலேயுள்ள 3உடன் முதலிலேயே கூட்டி 5. ஐநாலு இருபது என்று போட்டு 200 என எழுதினான். நான்கு தேங்காய்க்கு 200 கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்பது அவனுக்குத் தெரியாததா? தாளில் தேங்காய் இல்லை. பள்ளியில் சொன்ன விதி மட்டுமே இருந்தது. அந்த விதியின் காரணம் புரியாததால், விடை தவறு என்பதும் தெரியவில்லை.

அன்றைய திண்ணைப் பள்ளி

நம் தமிழ்நாட்டில் இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்த காலமும் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். முக்கால், அரைக்கால், வீசம், மாகாணி என்ற பின்னங்களும், படி, மரக்கால், கலம் என்ற முகத்தல் அளவுகளும் பாடமாகவே இருந்தன. காலையில் ஒப்பித்த கணக்கை மாலையில் களத்து மேட்டிலும் கடையிலும் பயன்படுத்தலாம். என் தந்தையார் தலைமுறையில் பலசரக்குக் கடை நடத்திய பெரியவர்கள் மாகாணி வாய்ப்பாட்டை வைத்தே மூட்டைக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

அதற்காகப் பழையபடி திண்ணைக்குப் போவோம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திண்ணை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இடம் மிகக் குறைவு. பிரம்படிக்கும் குறைவில்லை. 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்திற்குப் பின் படியும் பலமும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்துவிட்டன. ஆனால் கணக்குப் பாடமும் கடைத்தெருவும் ஒன்றையொன்று அறிந்திருந்த நிலை மீண்டும் வர வேண்டும்.

பொருளாதாரத்திற்கு என்ன நட்டம்?

குடோனில் சரக்கு இருக்கிறது, இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை என்றால் அந்தச் சரக்கின் பேரில் வங்கி கடன் தராது. இந்தப் பிள்ளைகளின் நிலையும் அதுவே. அறிவு கைவசம் இருக்கிறது. பள்ளியின் ஏட்டில் ஏறவில்லை. எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தேறாதவன் நல்ல வேலைக்கு மனுப்போட முடியாது, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வாசலும் பெரும்பாலும் அடைத்துவிடும். கணக்கு வராது என்று பெயர் வாங்கியவன், கணக்கிலேயே வல்லவனாக இருந்தும் காலமெல்லாம் மூட்டை தூக்குகிறான். இது அவன் வீட்டிற்கு மட்டுமல்ல, நாட்டிற்கும் நட்டம்.

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் முதலிடம் தந்தது. 2021இல் மத்திய அரசு ‘நிபுண் பாரத்’ திட்டத்தையும், 2022இல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கின. கொள்கையில் குறையில்லை. ஆனால் விளையாட்டாகவும் பொருள் வைத்தும் கற்றுக் கொடுத்தால் போதும், எழுத்துக் கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. டெல்லியில் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை விளையாட்டுகள் கற்பித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. அளவை உணரும் திறன் வளர்ந்தது, ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. பள்ளிக் கணக்கில் மட்டும் முன்னேற்றம் தெரியவில்லை. ஆக, இரண்டு கரையும் இருந்தால் போதாது. பாலம் போட வேண்டும். கிழங்கும் வெங்காயமும் வைத்துப் போட்ட கணக்கை உடனே எழுதிக் காட்டி, "நீ வாயால் சொன்னதுதான் இந்தப் பெருக்கல்" என்று ஒருவர் சொல்லித் தர வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

பிள்ளைகள் கடையில் நின்றால் அறிவு வளரும் என்று இந்த ஆராய்ச்சி சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தைக் கணக்கு பத்து சாமான் வரைக்கும் உதவும். வட்டிக் கணக்கு, இயற்கணிதம், பொறியியல் என்று மேலே போக எழுத்துக் கணக்கு வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

சட்டமும் தெளிவாக உள்ளது. 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளைகளின் உரிமை என்ற 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தின்படி 14 வயது நிறையாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சொந்தப் பிள்ளைகள் பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவியாக இருக்க விலக்கு உண்டு.

நாம் செய்யத்தக்கவை

1. நம் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் கடைக்கு வந்தால், நாலு சாமான் கணக்கை முதலில் வாயால் சொல்லச் செய்து, பிறகு அதையே நோட்டில் பள்ளி முறையில் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்து வருகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். நாளைக்கு ஐந்து கணக்கு போதும்.

2. பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் இசைந்தால் பழைய பில்கள், காலி அட்டைப் பெட்டிகள், பயன்படாத தராசு ஆகியவற்றை வகுப்பறைக்குக் கொடுக்கலாம். ஆசிரியருடன் ஒரு வகுப்புப் பிள்ளைகள் கூட்டமில்லாத முற்பகல் வேளையில் கடைக்கு வந்து பார்க்க இடம் தரலாம்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக இடம்பெற்றுள்ள உறுப்பினர்கள், கணக்குப் பாடத்தில் விலை, எடை, மீதிச் சில்லறைப் பயிற்சிகளைச் சேர்க்கும்படி கேட்கலாம். ஆசிரியர்கள் தட்டமாட்டார்கள்.

4. படிப்பை இடையில் விட்ட 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நம்மிடம் வேலைக்கு இருந்தால், தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ பத்தாம் வகுப்பு எழுத வழி உண்டு என்று சொல்லி, தேர்வுக் கட்டணத்தைக் கட்டி, தேர்வு நாட்களில் சம்பளத்துடன் விடுப்பும் தரலாம்.

5. எந்தப் பிள்ளையைப் பார்த்தும் கணக்கு வராது என்று சொல்வதை நம் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

வாயால் கணக்குச் சொல்லும் பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார நமக்கு முதலீடு எதுவும் தேவையில்லை. வருகிற கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.